கண்டி மாநகரின் மேல்தோட்டக் காடு

வத்தேகம என்னும் ஊர்ப்பெயரைப் பிரித்துப் பொருள் கூறுமாறு புதிதாக வரும் மாணவரைக் கேட்பது என் வழக்கம். தமிழ் வகுப்பில் சிங்களச் சொல்லுக்கு என்ன இடம் என்று அவர்கள் திகைப்பர். 'வத்த' என்பது தோட்டம். 'கம' என்பது ஊர். எனவே நாம் வாழ்வது தோட்டத்தூர். இதே 'வத்த' என்னும் சொல் கண்டி நகரின் தலைமேல் நிற்கும் ஒரு காட்டின் பெயரிலும் உண்டு. 'உட' என்றால் மேல். 'கெலே' என்றால் காடு. உடவத்தகெலே என்பது மேல்தோட்டக் காடு என்றாகும். கண்டியரசர் காலத்தில் அதற்கு உட வாசல வத்த என்று பெயர்; அரண்மனைக்கு மேலுள்ள தோட்டம் என்பது அதன் பொருள். ஒரு சொல் இரண்டிடத்தையும் இணைத்தது போலவே, நீரும் காற்றும் பறவையும் இணைத்து வைத்திருக்கின்றன என்பதைப் பின்னர்க் காட்டுவேன்.

நம் கல்லூரியிற் பயின்றோருட் பலர் கண்டியில் அலுவல் பார்த்தவர், இன்றும் பார்ப்பவர். தலதா மாளிகைக்குப் பின்னே பசுமையாக எழும் குன்றைக் காணாதவர் அவருள் ஒருவரும் இரார். ஆயின் அக்குன்றினுள் நுழைந்து நடந்தவர் எத்துணையர் என்று கேட்டால், விடை சிறிது கூச்சந் தருவதாகவே இருக்கும். யானும் நாற்பது வயதை அண்மிய பின்னரே முதன்முறை சென்றேன். அதற்கு முன்னர் அதன் அடியிலே நின்று பேருந்துக்குக் காத்திருந்த நாள்கள் எண்ணில.

காட்டின் பரப்பு 104 ஹெக்டேர். பழைய கணக்கிற் கூறினால் 257 ஏக்கர். அதன் உச்சி கடல் மட்டத்தினின்று 635 மீற்றர் உயரமுடையது. தலதா மாளிகையினின்று பார்க்க ஏறத்தாழ 115 மீற்றர் மேலே. நானூற்றுக்கு மேற்பட்ட செடிகொடி மரவகைகளும், எண்பது வரையிலான பறவையினங்களும் அங்குக் கண்டறியப்பட்டுள. காட்டு மா, கெக்குண, கித்துள் முதலிய மரங்களும், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துப் பின்னிக் கிடக்கும் பெருங்கொடிகளும் அதன் சிறப்பு. சிங்களத்திற் புஸ்வெல் என வழங்கும் அவரையினக் கொடி மனிதன் இடைப் பருமனுக்கு முறுகித் திரண்டு மரம்விட்டு மரந் தாவிச் செல்வதைக் கண்ட மாணவன் ஒருவன், 'ஐயா, இது கொடியா, மலைப்பாம்பா?' என்று கேட்டான். தேவாங்கும் முள்ளம்பன்றியும் சருகுமானும் மரநாயும், இலங்கைக்கே உரிய செங்குரங்கும் ஒரு மாநகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தினின்று நடைத்தொலைவில் வாழ்கின்றன என்பது வியப்பன்றோ!

இக்காடு நின்று நிலைத்த வரலாறு சுவையுடையது. செங்கண்டன் என்னும் அந்தணத் துறவி இக்குன்றின் குகையொன்றில் வாழ்ந்தான் என்றும், அவன் பெயராலேயே நகர் செங்கடகல என வழங்கலாயிற்று என்றும் ஒரு கதை உண்டு. கதையைக் கதையாகவே கொள்க. வரலாற்றுக்கு உறுதியானது யாதெனில், கண்டியரசர் இதனைப் பொதுமக்கள் புகாத தடைவனமாக வைத்திருந்தனர் என்பதே. அரச குடும்பத்தார் நீராடிய குளம் இன்றும் காட்டினுள் உளது. திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில், நீரும் வெளிநிலமும் மலையும் நிழல் செறிந்த காடும் உடையதே அரண் என வகுத்தார். சங்கச் சான்றோர் இத்தகு காவற்காட்டை மிளை என்றனர். ஏரியும் மலையும் காடும் சூழ்ந்த கண்டி நகரைப் பார்க்கும்போதெல்லாம் அவ்வதிகாரத்துக்கு உரை எழுதுவார் ஒருவர் இந்நகரை நேரிற் கண்டிருந்தால் மேற்கோள் தேடி வேறெங்கும் அலைந்திரார் என்று எனக்குத் தோன்றும். அவ்வரணின் கடைசி அரசர் தென்னாட்டு நாயக்கர் மரபினர் என்பதும் நாம் மறக்கத்தக்கதன்று.

1815 ஆம் ஆண்டில் கண்டி பிரித்தானியர் கைப்பட்டது. தடைவனம் உலாவனம் ஆயிற்று. தேசாதிபதிகளின் மனைவியர் பெயரால் உள்ளே பாதைகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று ஹோர்ட்டன் சீமாட்டியின் பெயருடையது. ஆங்கிலக் கவி பைரன் 1814 இல் ஒரு விருந்தில் கறுப்புடையிற் கண்டு வியந்து பாடிய பெண் இவரே. பின்னாளில் கணவர் தேசாதிபதியானமையால் இலங்கைக்கு வந்தார். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் நண்பரிடம் இதனைக் கூறியபோது அவர் நம்ப மறுத்தார். நூலைப் புரட்டிய பின்னரே அடங்கினார். இது நிற்க.

1856 ஆம் ஆண்டில் இக்காடு ஒதுக்குக் காடாக்கப்பட்டது. 1937 ஆம் ஆண்டின் விலங்கு தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ், அடுத்த ஆண்டாகிய 1938 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. துறவியர் வாழும் வனவாசங்களும் குகைகளும் உள்ளே உள. ஜெர்மனியிற் பிறந்து பௌத்த துறவியான ஞானபோனிக்க தேரர் 1952 முதல் 1994 இற் காலமாகும் வரை இங்குள்ள வனவாசத்தோடு பிணைந்து வாழ்ந்தார். 1958 இல் அவர் முன்னின்று தொடங்கிய பௌத்த நூற் பதிப்புச் சங்கம் காட்டின் ஓரத்திலேயே அமைந்தது. அரசன் ஆணையும், அயலான் சட்டமும், துறவியின் தவமும் ஒன்றன்பின் ஒன்றாக இக்காட்டைக் காத்தன. எனினும் இவற்றுள் எதனையும் 'திட்டம்' என்று கூறுதல் இயலாது. காவல் என்பது வேறு. திட்டம் என்பது வேறு. காவலன் இன்று களவு நிகழாது பார்ப்பான். திட்டமிடுவோன் நூறாண்டின் பின் இவ்விடத்தில் எம்மரம் நிற்கும் என்று கேட்பான்.

அக்கேள்விக்கு விடை காண்டற்குக் காட்டின் மேற்பகுதியைப் பார்த்தாற் போதாது. தரையைப் பார்த்தல் வேண்டும். சென்ற ஆண்டு பத்தாந்தர மாணவரை அழைத்துச் சென்றேன். ஒரு மீற்றர் சதுரமாகக் கயிறு கட்டி, அதனுள் முளைத்திருக்கும் கன்றுகளை இனம் பிரித்து எண்ணுமாறு பணித்தேன். சில இடங்களில் எண்ணி எண்ணிப் பிள்ளைகள் அலுத்துப் போயினர். ஏனெனில் தரை முழுவதும் பாய் விரித்தாற்போல ஒரே இனத்துக் கன்றுகள்! அவ்வினத்தின் பெயர் பெரு பல்சம். நாட்டு மரங்களின் கன்றுகள் அவற்றிடையே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியவையாய் இருந்தன.

இம்மரத்தின் பெயரே ஒரு பிழை. பெரு நாட்டுக்கும் அதன் பெயர்பெற்ற பிசினுக்கும் தொடர்பில்லை. மத்திய அமெரிக்காவிலே, சிறப்பாக எல் சல்வடோரிலே எடுக்கப்பட்ட மணப்பிசின் பெருநாட்டுத் துறைமுகம் வழியாகக் கப்பலேறியமையால் அப்பெயர் பெற்றது. மருந்துக்கும் நறுமணத்துக்கும் பயன்பட்ட அம்மரம் அன்னிய ஆட்சியின்போது இந்நாட்டுக்கு வந்தது. அதன் விதைக்கு இறகு உண்டு. காற்றிற் சுழன்று தொலைவிற் சென்று விழும். அதன் கன்று இருண்ட நிழலிலும் வாடாது ஆண்டுக்கணக்கிற் பொறுத்திருக்கும். மேலே ஒரு முதுமரம் சாய்ந்து வெயில் விழுந்த நாளில், காத்திருந்த அக்கன்றுகள் அனைத்தும் ஒருங்கே எழும். அவ்விடத்துக்கு உரிய நாட்டு மரம் பழத்தைப் பறவைக்கும் மரநாய்க்கும் கொடுத்து, அவை எச்சமிட்ட இடத்தில் ஒன்றிரண்டாக முளைப்பது. போட்டியில் யார் வெல்வார் என்பது வெளிப்படை. மகோகனியும் இத்தகையதே. அதுவும் அமெரிக்க மரம். அதன் விதைக்கும் இறகுண்டு.

இங்கே ஓர் ஐயம் எழலாம். மரம் எந்நாட்டதாயின் என்ன, பசுமையாக நின்றாற் போதாதா? கல்லூரி ஆசிரியர் அறையில் இக்கேள்வி என்னிடம் கேட்கப்பட்டது. கேட்டவர் அறிவிற் குறைந்தவரல்லர். விடை இதுதான்: இறகுடைய உலர்ந்த விதை குக்குறுவானுக்கு உணவாகாது. அத்தியும் காட்டு மாவும் கித்துளும் கெக்குணவும் நின்ற இடத்தில் உலர்விதை மரம் நின்றால், தொலைவினின்று பார்ப்போர்க்குக் காடு. பறவைக்கோ வெறும் நிலம். பழந்தின்னிகள் நீங்கினால், எஞ்சியிருக்கும் நாட்டு மரங்களின் விதையைச் சுமந்து செல்வாரும் இல்லை. இவ்வாறு ஒரு குறை மற்றொரு குறையை ஈனும். எனவே யாரும் ஒரு மரமேனும் வெட்டாமல், வேலியைக் கண்ணுங் கருத்துமாகக் காத்து நின்றபோதே ஒரு காடு உள்ளே அழிந்துபோதல் கூடும். இவ்வுண்மையை யான் உணர நெடுங்காலம் ஆயிற்று.

இனி, இரண்டாவது இடையூறு அளவைப் பற்றியது. காட்டின் ஓரமும் நடுவும் ஒரு தன்மையன அல்ல. ஓரத்திலே வெயிலும் வறண்ட காற்றும் புகும். நாயும் பூனையும் புகும். வீட்டுத் தோட்டத்து அழகுச் செடிகள் வேர்விட்டு உட்புகும். இவ்விளைவு பல பத்து மீற்றர் தூரம் உள்ளே செல்லும் என்பர் ஆய்வாளர். கணித ஆசிரியரை அணுகி ஒரு கணக்குப் போட்டுத் தருமாறு வேண்டினேன். 104 ஹெக்டேர் நிலம் சரிவட்டமாய் இருப்பதாகக் கொள்வோம். அதன் ஆரை ஏறக்குறைய 575 மீற்றர். ஓரத்தில் 100 மீற்றர் அகலத்தைக் கழித்தால் நடுக்காடாக எஞ்சுவது 71 ஹெக்டேரே. அவ்வட்டத்தை ஒரு பாதையால் இரண்டாக்கி, அப்பாதி ஒவ்வொன்றும் மீண்டும் சரிவட்டமாய் அமைந்தது எனச் சலுகை காட்டினாலும் எஞ்சுவது 59 ஹெக்டேர். பாதை விழுங்கிய நிலத்தை இதில் நாம் கணக்கிடவேயில்லை! உண்மையான காடோ வட்டமன்று; மலைமுதுகின் மீது வளைந்தும் நெளிந்தும் கிடப்பது. ஆகவே நடுக்காடு இதனினும் குறைவாகவே இருக்கும். ஒரு வீட்டு மதில் பத்தடி உள்ளே நகர்ந்தால் பத்தடியே போயிற்று என்று எண்ணுதல் தவறு. ஓரமும் பத்தடி உள்ளே நகர்கின்றது.

இத்தகைய சிறுகச் சிறுக நிகழும் குறைவுக்குச் சென்னை நகரின் கிண்டிக் காடு நல்ல சான்று. ஒரு காலத்தில் விரிந்து கிடந்த அவ்வனத்தினின்று 1950 களிலும் அதன் பின்னரும் காந்தி மண்டபம், தொழில்நுட்பக் கழகம், இராஜாஜி நினைவகம், காமராசர் நினைவகம் என ஒவ்வொன்றற்கும் நிலம் எடுக்கப்பட்டது. ஒவ்வொரு நோக்கமும் போற்றத்தக்கதே. யார்தான் கல்விக்கும் காந்திக்கும் நிலம் மறுப்பார்? ஆயினும் 1978 இல் எஞ்சியதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அதன் பரப்பு 270 ஹெக்டேர் அளவே. காட்டுக்குத் தீயோர் மட்டுமே பகைவர் என்று எண்ணுவது பேதைமை. நல்ல காரியங்களுக்காகவே பெரும்பாலும் காடு கரைகிறது.

சிங்கப்பூரின் புக்கிட் தீமாக் காடு மற்றொரு சான்று. நம் உடவத்தைக் காட்டைக் காட்டிலும் சற்றே பெரியது, 163 ஹெக்டேர். 1883 இல் ஒதுக்கப்பட்டது. 1980 களில் ஒரு விரைவுச்சாலை அதனையும் அடுத்திருந்த பெருங்காட்டையும் பிரித்துவிட்டது. ஏறத்தாழ முப்பதாண்டின் பின்னர், 2013 இல், அச்சாலைக்கு மேலே விலங்குகள் கடப்பதற்கென மண்ணிட்டு மரம் நட்டு ஒரு பாலம் அமைத்தனர். வெட்டியதை ஒட்டவைக்க முடியும் என்பதற்கு அது சான்று. வெட்டாதிருப்பதைவிட ஒட்டவைத்தல் எத்துணைச் செலவுடையது என்பதற்கும் அதுவே சான்று. அவ்வளவு பொருள் நம்மிடம் இல்லை.

அங்ஙனமாயின் உடவத்தைக் காட்டுக்கு நெடுங்காலத் திட்டம் எவ்வாறு அமைதல் வேண்டும்? யான் வனவியல் கற்றவன் அல்லேன். கலாசாலையிற் பயிற்சி பெற்ற தமிழாசிரியன். எனினும் படித்தறிந்ததையும் கண்டறிந்ததையும் கொண்டு சிலவற்றைக் கூறலாம் என எண்ணுகிறேன்.

எல்லையே முதலில் வேண்டப்படுவது. சரணாலயம் என்னும் சொல் கேட்போர்க்குப் பெரும் பாதுகாப்பை நினைவூட்டும். ஆனால் நம் சட்டத்தின்படி சரணாலயத்தினுள் தனியார் நிலமும் அடங்கியிருத்தல் கூடும். அறிவிப்பு நிலத்தை அரசுடைமையாக்குவதில்லை. காடு வனத்திணைக்களத்தின் பொறுப்பு. சரணாலயச் சட்டம் வனசீவராசிகள் திணைக்களத்தின் பொறுப்பு. சுற்றியுள்ள வீடும் வீதியும் மாநகர சபையின் பொறுப்பு. கண்டி நகரோ 1988 முதல் உலக மரபுரிமைப் பட்டியலில் உள்ளதாகையால் அதற்கென வேறு கண்காணிப்பாரும் உளர். தாய்மார் பலராயிருந்தால் பிள்ளை பட்டினி என்பது போல் ஆகாதிருக்க, ஒரே வரைபடம் எல்லார் மேசையிலும் இருத்தல் வேண்டும். அதிலே கல்நட்ட எல்லையும், அதற்கு வெளியே எவ்வளவு தூரத்துக்கு எத்துணை உயரக் கட்டடம் என்பதும், கழிவுநீர் எப்பக்கம் செல்லும் என்பதும் குறிக்கப்படல் வேண்டும். காட்டோரத்து வீடொன்றின் பின்மதிலில் துளையிட்டுக் குழாயொன்று காட்டுக்குள் நீட்டப்பட்டிருந்ததை மாணவர் எனக்குக் காட்டினர். வீட்டார் நல்லவராகவே தோன்றினர். எமக்குத் தேநீரும் தந்தனர். குழாயைப் பற்றிப் பேச எனக்கு நா எழவில்லை. இதனை ஒரு குற்றமாகவே இங்கு ஒப்புக்கொள்கிறேன்.

வேற்று மரங்களை நீக்குதல் அனைத்தினும் கடியது. ஒரே ஆண்டில் அவற்றையெல்லாம் வெட்டி வீழ்த்துவோம் எனப் புறப்பட்டால் கேடு விளையும். மலைச்சரிவில் திடீரென வெயில் விழும்; மண் கரையும்; காத்திருக்கும் வேற்றுக் கன்றுகளே முதலில் எழும். முறை இதுவன்று. முதலிற் கன்றுகளை, மழைக்காலத்து மண் இளகியிருக்கும்போது, கையாற் பிடுங்க வேண்டும். பின்னர் விதை தரும் பெருமரங்களிற் சிலவற்றைப் பட்டை வளையமாகச் சீவி, நின்ற நிலையிலேயே மெல்ல உலரவிட வேண்டும். இலை உதிர்ந்து வெளிச்சம் சிறிது சிறிதாக இறங்கும்போது, அக்காட்டினின்றே பொறுக்கிய விதையால் வளர்த்த நாட்டுக் கன்றுகளை அங்கு நட வேண்டும். அடுத்த ஆண்டு மற்றொரு துண்டு நிலம். ஒரு துண்டை ஒருமுறை துப்புரவாக்கி விட்டு அகன்றால் பயனில்லை. மண்ணிற் கிடக்கும் விதை முளைக்க முளைக்கப் பல ஆண்டு திரும்பத் திரும்ப வருதல் வேண்டும். இது ஒரு தலைமுறைப் பணி. இதிலே மறைந்திருக்கும் இடர் ஒன்றும் உண்டு. மகோகனி விலையுயர்ந்த பலகை மரம். 'வேற்று மரம் நீக்குகிறோம்' என்னும் பெயரால் விற்பனைக்கு வேண்டிய மரம் மட்டும் நீங்கி, விலைபோகாத பெரு பல்சம் அப்படியே நிற்கும் நிலை வரலாகாது. எம்மரம், எந்த எண், எந்நாளில் நீக்கப்பட்டது என்னும் பதிவு எவரும் கேட்டுப் பார்க்கத்தக்கதாய் இருந்தால் இவ்வச்சம் நீங்கும்.

குரங்குக்கு உணவிடுதலும் நெகிழிப்பை வீசுதலும் பற்றி எல்லாரும் எழுதிவிட்டனர், யான் விரிக்கவில்லை. குரங்குக்குக் கடலை கொடுப்பவர், அடுத்த நாள் அது தம் கூரையோட்டைக் கிளப்பும்போது கோபிப்பதற்கு உரிமையற்றவர் என்பதோடு அமைகிறேன்.

இனி, நம் வத்தேகமையார்க்கு இதில் என்ன என்னும் வினாவுக்கு வருகிறேன். உடவத்தை ஒரு தீவு. நாற்புறமும் வீடும் வீதியும் சூழ்ந்த பசுந்தீவு. தீவில் ஓரினம் அற்றுப்போனால் மீண்டும் வந்து குடியேற வழி வேண்டும். தெற்கே மாநகர சபையின் நீர்ப்பிடிப்புக் காடாகிய துனுமடலாவையும் ஹந்தானை மலையும் உள. வடகிழக்கே, நம் ஊருக்கு மேலே, தும்பறை மலைத்தொடர் உளது. அதனை வெள்ளையர் நக்கிள்ஸ் என்றனர். மடக்கிய கைவிரல் மொழி போன்ற சிகரங்களையுடைமையால். 2000 ஆம் ஆண்டில் அது காப்புக் காடாயிற்று. 2010 இல் உலக மரபுரிமையாயிற்று. இவ்விரண்டிற்கும் இடையே பறவைக்கும் பழந்தின்னி வௌவாலுக்கும் பாலமாய் நிற்பவை எவை? கண்டிச் சீமையின் வீட்டுத் தோட்டங்களே. பலாவும் கமுகும் கித்துளும் கராம்பும் சாதிக்காயும், மரத்திற் படர்ந்த மிளகும், கீழே வாழையும் கோப்பியுமாய் அடுக்கடுக்காக நிற்கும் நம் ஊர்த் தோட்டங்களை அயல்நாட்டு அறிஞர் வந்து பார்த்து, காட்டை ஒத்த வேளாண்மை என்று வியந்து நூல் எழுதுகின்றனர். நாமோ அவற்றைத் துண்டாக்கி, மரங்களை அகற்றி, மேடையிட்டு வீடு கட்டுகிறோம். வீடு வேண்டாம் என்று கூற யான் யார்? யானும் பத்துப் பேர்ச் நிலத்தில் வீடு கட்டியவனே. ஆயினும் பின்பக்கத்துப் பலாவை நிறுத்திக்கொண்டேன். அதிலே குக்குறுவான் பொந்து வைத்திருக்கிறது.

ஈண்டு என் இளமையில் நிகழ்ந்த ஒன்றைக் கூறாதிருக்க முடியவில்லை. யான் பிறந்தது வத்தேகமைக்கு மேலேயுள்ள ஒரு தோட்டத்து லயத்தில். எங்கள் லயத்துக்கு ஒரு பீலி உண்டு. கற்பாறை இடுக்கினின்று மூங்கிற் குழாயில் வரும் நீர், கோடையிலும் குறையாதது. அதற்கு மேலே, தேயிலை மலையின் உச்சியில், ஒரு சிறு காட்டுத் துண்டு இருந்தது. எட்டு ஏக்கரோ பத்து ஏக்கரோ இருக்கும். யான் நாலாம் வகுப்பிற் படிக்கையில் அதனை விறகுக்காகவும் புதுநடுகைக்காகவும் வெட்டினர். வெட்டியவர்கள் எம் அயலார். என் தந்தையாரும் கத்தியோடு சென்றார். அன்றைக்கு அரைநாட் பெயர் அதிகம் போட்டார்கள் என்று அம்மா மகிழ்ந்ததும் நினைவிருக்கிறது. இரண்டாம் ஆண்டுக் கோடையில் பீலி ஒழுகுவது நின்றது. அதன்பின் என் தமக்கையார் குடத்தோடு கீழே ஆற்றுக்கு நடந்தார். ஒருமுறை சென்று வர ஒரு மணி நேரம். அவரது படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் பல கூறப்பட்டன. நடந்த தூரத்தை அறிந்தவன் யான்.

நம் முன்னோர் கைகளே இம்மலைநாட்டுக் காடுகளை வெட்டின என்பது கசப்பான உண்மை. 1830 களிற் கோப்பிக்காகத் தொடங்கிய வெட்டு, 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிக் கோப்பி மாண்ட பின்னர்த் தேயிலைக்காகத் தொடர்ந்தது. ஆணை பிறருடையது, கோடரி எம்முடையது. 1873 இல் கியூ தாவரத் தோட்டத் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5000 அடிக்கு மேலுள்ள காட்டை அழித்தலாகாது என்று பரிந்துரைத்தார். மழையும் ஆற்றுநீரும் அக்காட்டாலேயே நிலைக்கும் என்பது அவர் கருத்து. அவ்வறிவுரையாற் பிழைத்தவையே இன்று எஞ்சியுள்ள உயர்மலைக் காடுகளிற் பல. ஒரு வரி எழுத்து, தக்க நேரத்தில் எழுதப்பட்டால், ஒன்றரை நூற்றாண்டு நிற்கும் என்பதற்கு இது சான்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையிற் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் சரிந்து பல உயிர்களைக் கொண்டபின், மரவேர் மண்ணைப் பிடிக்கும் என்னும் பாடத்தை விளக்க யான் கரும்பலகையிற் படம் வரைய வேண்டியதில்லாது போயிற்று. வேர் மட்டும் எல்லா மலையையும் தாங்கிவிடும் என்று கூறமாட்டேன். அத்தகைய மழையிற் காடுஞ் சரியும். எனினும் வெட்டிய மேடும் அடைத்த நீரோட்டமும் சரிவை விரைவுபடுத்தும் என்பதில் ஐயமில்லை.

இறுதியாகக் கல்லூரி செய்யத்தக்கது ஒன்று. திட்டம் எதுவாயினும் அதற்குக் கணக்கு வேண்டும்; கணக்கு ஆண்டுதோறும் ஒரே இடத்தில், ஒரே முறையில், இடையறாது எடுக்கப்படல் வேண்டும். அதிகாரி மூன்றாண்டில் மாற்றலாகிச் செல்வார். ஆய்வு மாணவர் பட்டம் பெற்றதும் நீங்குவார். பள்ளிக்கூடம் ஒன்றே ஐம்பதாண்டாயினும் அதே இடத்தில் நின்று, ஒவ்வோராண்டும் பத்தாந்தரம் என்னும் ஒரு வகுப்பை வைத்திருப்பது. இம்மலரே அதற்குச் சான்று. வனத்திணைக்களத்தின் இசைவு பெற்று, பாதையோரத்தில் குறித்த சில சதுரங்களில் ஆண்டுக்கொருமுறை கன்றுகளை எண்ணி எழுதுவதெனத் தாவரவியல் ஆசிரியரும் யானும் முடிவு செய்துள்ளோம். இங்கு வத்தேகமையிலும் பழைய மாணவர் பதின்மர் தோட்டங்களில் எம்மரம் நிற்கிறது, எப்போது பூக்கிறது, எப்பறவை வருகிறது என்று எழுதுவோம். நில அளவைத் திணைக்களத்திற் பணியாற்றிய பழைய மாணவர் எவரேனும் காட்டெல்லையின் வரைபடத்தை வாசிக்கக் கற்றுத்தர முன்வந்தால் பெரிதும் நன்றியுடையேம். எங்களுக்கு அதுதான் முட்டுப்பாடாயிருக்கிறது.

கணக்கேடு கல்லூரி நூலகத்தில், நூலகர் மேசையின் கீழ் இழுப்பறையில் வைக்கப்பட்டுள்ளது. நீலத் துணிக்கட்டு, இருநூறு பக்கம், விரும்புவோர் கேட்டுப் பார்க்கலாம். முதற் பக்கத்தைச் சென்ற ஆண்டுப் பத்தாந்தர மாணவர் நிரப்பியுள்ளனர். அதன் ஓரத்தில் ஒரு கறை இருக்கும். எழுதிய பையனின் கணுக்காலில் அட்டை கடித்த இரத்தம் அது. பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தூய்மையாக எழுதித் தரட்டுமா என்று அவன் கேட்டான், வேண்டாம் என்றேன்.